அடியில் தங்கிய மஞ்சள்

திருப்பிவிட்டேன். குழாய் இப்போது இரண்டாவது பாட்டிலிலிருந்து உறிஞ்சுகிறது. இனி நான் செய்வதற்கு ஒன்றுமில்லை, உட்கார்ந்து ஸ்க்ரீனில் ஓடும் கோட்டைப் பார்ப்பதைத் தவிர. பம்ப் தன் பாட்டுக்குக் கொரகொரவென்று சுற்றுகிறது, பாட்டிலுக்குள் ஆக்சிஜன் குமிழி விடுகிறது, கிண்ணத்தின் நடுவில் வலைமேல் காலையில் வெட்டிய எலி மூளையின் ஒரு சீவல் கிடக்கிறது, நகத்தளவு, நகத்தைப் போலவே மெலிசு. உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் மேலே ஓடிக்கொண்டிருக்கும்வரை அது இன்னும் எலிக்குள் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். ஒரு முனையில் கம்பியால் சின்னதாக ஒரு மின்தட்டு, மறுமுனையில் என் ஊசி ஒட்டுக்கேட்டுக்கொண்டிருக்கிறது. தட்டினால் ஸ்க்ரீனில் கோடு முதலில் லேசாக ஒரு கீறல் கீறும், அப்புறம் ஒரு பள்ளத்தில் விழுந்து மெல்ல ஏறி வரும். கீறல் என்பது சேதி நரம்பு வழியாகக் கிளம்பிப் போவது. பள்ளம் என்பது அந்தச் சேதி அடுத்த செல்லிடம் போய்ச் சேர்ந்துவிட்டதற்கு அத்தாட்சி. காலையிலிருந்து ஒரே பள்ளம், ஒரே ஆழம், நல்ல சீவல், நான் வெட்டியது, என் கை வெட்டியது. இப்போது மருந்து வருகிறது. அது வந்து சேர்ந்ததும் இந்தப் பள்ளம் தூர வேண்டும். முழுக்கத் தூர்ந்து கோடு சமமாகிவிட்டால், எங்கள் லேப் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிற 'மிச்சம்' என்ற ஒன்றே கிடையாது, அதன்மேல் நான் கட்டிய தீசிஸில் பாதியும் கிடையாது. கொஞ்சம் பள்ளம் மிஞ்சி நின்றால் லேப் தலைவர் சிவசைலம் சார் சொன்னதுதான் சரி, மிச்சம் உண்டு, எனக்குத்தான் கைராசி இல்லை. எது வந்தாலும் நஷ்டம் எனக்குத்தான். இருந்தும் தூர வேண்டும், தூர வேண்டும் என்றுதான் மனசு அடித்துக்கொள்கிறது. கைராசியாம்.

இன்னும் தூரவில்லை. தூராது, மருந்து இப்போதுதான் குழாய்க்குள் நுழைந்திருக்கும். இந்த மருந்துக்கு சி.என்.க்யூ.எக்ஸ் என்று பெயர், லேப்பில் எல்லோருக்கும் அது 'மஞ்சள்'. கரைத்து வைத்தால் மஞ்சளாக இருக்கும், அதனால். இது என்ன செய்யும் என்று அம்மா ஒருமுறை போனில் கேட்டாள். நாசரேத்திலிருந்து திருச்செந்தூர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார்களே, அதுதான் அம்மா என்றேன். மூளையில் ஒரு செல் இன்னொரு செல்லிடம் பேச குளூட்டமேட் என்று ஒரு சரக்கை அனுப்பும், அது போய் எதிர்ப்பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தால்தான் சேதி சேரும். மஞ்சள் முன்னாலேயே போய் அந்த இருக்கையில் துண்டு போட்டுவிடும். தானும் சேதி சொல்லாது, வந்தவனையும் உட்கார விடாது. அம்மா உடனே, அப்ப வைக்கப்போர் நாயின்னு சொல்லு என்றாள். அப்போது சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் இந்த அறையில் நான் உட்கார வந்த இருக்கையில் எல்லாம் முன்கூட்டியே ஒரு துண்டு கிடந்தது. மைக்ராஸ்கோப் இருக்கை சீனியர் கௌதமன் அண்ணாவுக்கு. காலை நேரம் கௌதமன் அண்ணாவுக்கு, ஏனென்றால் காலையில்தான் கரண்ட் இரைச்சல் குறைவு. கட்டுரையில் முதல் பெயரும் அவருக்கே. எனக்கு ஆயுத பூஜைக்கு வாசலில் கோலம். ஜெபா, நீ நல்லா போடுவேல்ல என்றார் சார். எங்கள் வீட்டு வாசலில் நான் கோலமே போட்டதில்லை சார், எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம்தான் கட்டுவோம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உள்ளே பையன்கள் ஆம்ப்ளிஃபயருக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள், நான் வெளியே குனிந்து புள்ளி வைத்துக்கொண்டிருந்தேன். புள்ளி கோணியது. அதற்கும் சார் சிரித்துக்கொண்டே கைராசி என்ற அந்த வார்த்தையைத்தான் சொன்னார்.

அந்த வார்த்தை முதலில் வந்த நாள் எனக்கு அப்படியே இருக்கிறது. நான் சேர்ந்து முதல் வருஷம். கௌதமன் அண்ணா 'மிச்சம்' கண்டுபிடித்து லேப்பே திருவிழாவாக இருந்த சமயம். மஞ்சளைப் போட்டால் பள்ளம் முழுக்கத் தூர வேண்டும் என்பது பாடப் புத்தகம். எங்கள் லேப்பில் தூரவில்லை, அடியில் ஒரு சின்னக் குழி மிஞ்சியது. இன்றைக்கு, நாளைக்கு, எந்த எலியை வெட்டினாலும் மிஞ்சியது. அப்படியானால் குளூட்டமேட் இருக்கை போக இன்னொரு ரகசிய இருக்கை இருக்கிறது என்று சார் மேடைக்கு மேடை சொல்ல ஆரம்பித்தார். படத்தைக் காட்டி, குரலைத் தாழ்த்தி, மிச்சத்தில்தான் விஷயம் இருக்கு என்பார், கைதட்டல் விழும். நான் புதுசு. எனக்கு முதன்முதலாக ஒரு சீவல் உருப்படியாக வந்தது, பள்ளம் அழகாக விழுந்தது, மருந்து போட்டேன், பள்ளம் முழுக்கத் தூர்ந்துவிட்டது. மிச்சம் இல்லை. துளி இல்லை. நான் எழுந்து போய்ச் சாரைக் கூப்பிட்டேன், முட்டாள், நானே போய்க் கூப்பிட்டேன். வந்தார், பார்த்தார், உட்காரக்கூட இல்லை. ஸ்லைஸ் செத்துப்போச்சும்மா என்றார். மருந்தைக் கழுவிப் பார்க்கட்டுமா சார், பள்ளம் திரும்பி வந்தால் உயிரோடு இருக்கிறதென்று தெரிந்துவிடுமே என்று நான் கேட்க வாயெடுப்பதற்குள் அவர் கை நீண்டு பம்ப் ஸ்விட்சைத் தட்டிவிட்டது. பம்ப் நின்றால் தண்ணீர் நின்றது, தண்ணீர் நின்றால் ஆக்சிஜன் நின்றது, அப்புறம் எந்தச் சீவல் உயிரோடு இருக்கும். அவர் சொன்னபோது அது சாகவில்லை, சொன்ன பிறகுதான் செத்தது. தோளைத் தட்டிக்கொடுத்து, எல்லாருக்கும் இந்த வேலை வராதும்மா, உனக்குக் கைராசி இல்ல, கம்ப்யூட்டர் பக்கம் போயிடு என்றார். விஞ்ஞானி. வெளிநாட்டில் படித்தவர். மூட நம்பிக்கையைப் பற்றிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பேசப் போகிறவர். நான் பாத்ரூமில் போய் அழுதேன், அழுதுவிட்டு வந்து என் கையைத்தான் திட்டினேன், அவர் வாயை இல்லை. அதற்கப்புறம் எத்தனை மாதம் பிளேடு பிடிக்கவே திரும்பக் கற்றுக்கொண்டேன். எனக்கும் மிச்சம் வர ஆரம்பித்தது. வந்ததும் சார் சந்தோஷப்பட்டார், பாத்தியா, கை பழகிடுச்சு என்றார். நானும் சந்தோஷப்பட்டேன்.

கோட்டில் புல் முளைக்கிறது. ஐயோ, இதென்ன, பள்ளத்தின் இரண்டு கரையிலும் நுணுக்கு நுணுக்காக இரைச்சல். எர்த் கழன்றுவிட்டதா, இன்றைக்கா, இந்த நேரத்திலா. இல்லை, என் போன். இரைச்சலைத் தடுக்கச் சுற்றிலும் கட்டிய செம்பு வலைக் கூண்டுக்கு வெளியே வைக்க வேண்டியதை மறந்து உள்ளே மேசை ஓரத்தில் வைத்திருக்கிறேன். அம்மா. சனிக்கிழமை மத்தியானம் அம்மா கூப்பிடுகிற நேரம், என் மூளைத் துண்டின் கோட்டில் அம்மா நடுங்குகிறாள். எடுத்துக் காதில் வைத்துக்கொண்டே கூண்டை விட்டு வெளியே வந்துவிட்டேன். ஏட்டி ராணி, சாப்பிட்டியா என்றாள், அம்மாவுக்கு மட்டும் நான் ராணி. சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். என்னைக்குத்தான் அந்த எலிச் சோலிய முடிப்ப என்றாள். முடியப்போகிற நேரம்தான் அம்மா என்று சொன்னால் சந்தோஷப்படுவாள், ஆனால் எப்படி முடியப்போகிறதென்று தெரிந்தால் படுக்கையில் விழுந்துவிடுவாள். தெருவில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள், பிள்ளைக்கு இந்த வருஷம் டாக்டர் பட்டம், ஊசி போடுற டாக்டர் இல்ல, அதுக்கும் மேல. அப்புறம் கூப்பிடுறேன் என்று வைத்துவிட்டேன். போனை அணைத்து வெளி மேசையில் போட்டுவிட்டு ஓடி வந்து உட்கார்ந்தால் புல் போய்விட்டது, பள்ளம் அப்படியே இருக்கிறது. அப்படியேதானா. கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறதா. கண் நினைப்பதைக் காட்டும், நம்பாதே. தூரவில்லை. மருந்து வந்து சேர்கிற நேரம் ஆகியிருக்கும், ஏன் தூரவில்லை. நான் கரைத்தது தப்போ. நான் தப்பு, கௌதமன் அண்ணா சரி, சார் சரி, மேடை சரி, கைதட்டல் சரி, கோணல் கோலம் போட்டவள்தான் தப்போ.

இல்லை. என் கண்ணால் பார்த்தேன். மஞ்சளுக்கு வெளிச்சம் ஆகாது, வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும், அதனால் குட்டி டியூப்களில் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஃபாயில் சுற்றி ஃப்ரீசரில் வைப்போம். எங்கள் லேப்பில் அது ஒரு சடங்கு மாதிரி. கௌதமன் அண்ணா சுற்றுவது அவ்வளவு நேர்த்தியாக இருக்கும், வெள்ளிக் குப்பி மாதிரி ஒரே அளவாக, சுருக்கமே இல்லாமல். எங்களுக்கும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார், தண்ணியில கரை, பிரி, சுத்து, உள்ள வை. யாரும் உள்ளே பார்ப்பதில்லை, பார்க்கவும் முடியாது, மேலாக உறிஞ்சி எடுத்துக் கலந்துவிட்டு மிச்சத்தை மறுபடி உள்ளே வைப்போம். போன வாரம் ஃப்ரீசரில் பனி கட்டி ஒரு டியூப் ஒட்டிக்கொண்டது. இழுத்தபோது ஃபாயில் கிழிந்துவிட்டது. உருகட்டும் என்று ஸ்டாண்டில் வைத்துவிட்டு கையுறை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தால், மேலே தெளிந்த தண்ணீர், அடியில் மஞ்சள் வண்டல். ஆறிப்போன ரசத்தில் பருப்பு அடியில் தங்கி மேலே தெளிவு நிற்குமே, அப்படி. ஆட்டினேன், கலங்கியது. வைத்தேன், மறுபடி தங்கியது. கரையவில்லை. கரைந்ததே இல்லை. ஓடிப்போய்ப் பொடி வந்த பாட்டிலைப் பார்த்தேன். முன்னாலெல்லாம் இந்த லேப்பில் வாங்கியது உப்பு வடிவம், அது தண்ணீரில் சர்க்கரை மாதிரிக் கரைந்துவிடும். நடுவில் யாரோ மலிவான சாதா வடிவத்துக்கு மாற்றியிருக்கிறார்கள், அது தண்ணீரில் கரையாது, அதற்கு வேறு திரவம் வேண்டும். பாட்டில் மாறியது, பழக்கம் மாறவில்லை. நாலு வருஷமாக நாங்கள் எல்லோரும் மேலே நிற்கும் தெளிவை எடுத்துப் போட்டிருக்கிறோம், அதில் கரைந்தும் கரையாமலும் கிடந்த கொஞ்சம் மருந்து பாதி இருக்கைகளில் துண்டு போட்டது, மீதி இருக்கைகள் காலி. அந்தக் காலி இருக்கைதான் மிச்சம். அதுதான் ரகசியப் பாதை, அதற்குத்தான் கைதட்டல், அதை வைத்துத்தான் கௌதமன் அண்ணா ஜெர்மனி போய் உட்கார்ந்திருக்கிறார். என் முதல் வருஷத்தில் மட்டும் எப்படித் தூர்ந்தது என்று ராத்திரி படுத்து யோசித்தால் அதுவும் வருகிறது. அன்றைக்கு நான் புதுசு, எது எங்கே இருக்கிறதென்று தெரியாமல் ஃப்ரீசரின் பின்மூலையில் கிடந்த பழைய டியூபை எடுத்தேன். உப்பு வடிவத்துக் காலத்து டியூப். இந்த லேப்பில் கடைசியாக உண்மையைச் சொன்ன சீவல் அதுதான், அதைத்தான் சார் அணைத்தார்.

திங்கட்கிழமை அந்த டியூபைக் கையிலேயே கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அடுத்த மாதம் டோக்கியோவில் பேசப்போகிற படங்களை ஒழுங்கு செய்துகொண்டிருந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், நன்றாகத்தான் பார்த்தார். எல்லா ஸ்டாக்லயும் கொஞ்சம் அடியில தங்கும்மா என்றார். கொஞ்சமில்லை சார் என்றேன். நல்லா ஆட்டிட்டுப் போடு என்றார். நான் வேறு திரவத்தில் புதிதாகக் கரைத்து ஒரு முறை போட்டுப் பார்க்கிறேன் என்றேன். அப்போதுதான் கண்ணாடியை இறக்கினார். தீசிஸ் குடுக்கற நேரத்துல எதுக்கு நோண்டுற, எழுதி முடிச்சுட்டுப் போய்க்கிட்டே இரு, உனக்கு நல்லதுதான் சொல்றேன் என்றார். உனக்கு நல்லது. சொந்த மகளிடம் சொல்வது போலத்தான் சொன்னார், அந்தக் குரலைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. எனக்கு நல்லது எது என்று இவருக்கு எப்படித் தெரியும். சரி, எனக்கு நல்லது, எலிக்கு? நாலு வருஷமாக எலிகள். மயக்கம் கொடுத்து, அது கால் தளர்ந்து என் உள்ளங்கையில் சாய்கிறவரை பொறுத்து, அப்புறம். ஒவ்வொரு முறையும் மனசுக்குள் ஒரு ஜெபம் சொல்லிக்கொள்வேன், யாருக்கும் தெரியாது, தெரிந்தால் சிரிப்பார்கள், ஒன்றுக்கும் உதவாமல் போகாது உன் சாவு என்பதுதான் அந்த ஜெபம். பொய் ஜெபம். அத்தனையும் கரையாத பொடிக்குப் போயிற்று. தெரியாமல் நடந்ததற்கு நான் என்னை மன்னித்துக்கொள்வேன், அண்ணாவையும் மன்னித்துவிடுவேன், கைப்பிசகு எல்லோருக்கும் வரும். ஆனால் தெரிந்த பிறகு ஒரு எலி, ஒரே ஒரு எலி, அந்தப் பொய்க்காகச் சாக வேண்டும் என்றால் அதற்கு நான் கை கொடுக்க மாட்டேன். நோண்டாதே என்கிறார். நோண்டுவதற்குத்தானே சார் சம்பளம்.

அதனால்தான் இன்று சனிக்கிழமை பார்த்து வந்தேன். பொடியை நானே நிறுத்து, சரியான திரவத்தில் கரைத்து, ஃபாயில் சுற்றுவதற்கு முன்னால் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன், அடியில் ஒன்றுமில்லை, தெளிந்த மஞ்சள். திரவத்தின் வேலையாக இருக்கும் என்பார், தெரியும், அதனால் வெறும் திரவத்தை முதலில் ஓடவிட்டேன், பள்ளம் அசையவில்லை. சீவல் களைத்திருக்கும் என்பார், காலையிலிருந்து ஒரே ஆழம் சார். ஊசி நகர்ந்திருக்கும் என்பார், கீறல் அதே இடத்தில் இருக்கிறது சார். இப்படி அவர் இல்லாத அறையில் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், ஒரு வாரமாக, குளிக்கும்போது, பஸ்ஸில், ஹாஸ்டலில் சப்பாத்தியைப் பிய்க்கும்போது, ஒவ்வொரு முறையும் நான்தான் ஜெயிக்கிறேன், ஜெயித்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன். வெட்டிய சீவல்களைத் தண்ணீரில் ஆற விட்டிருந்த நேரத்தில் சும்மா இருக்க முடியாமல் ஃப்ரீசரைத் திறந்து பழைய டியூப்களை எல்லாம் வெளியே எடுத்தேன். ஒவ்வொன்றாக ஃபாயிலை உரித்தேன். கௌதமன் அண்ணாவின் நேர்த்தியான சுற்று, மற்றவர்களின் கசங்கல் சுற்று, என்னுடைய சுற்று. எல்லாவற்றின் அடியிலும் அதே வண்டல். ஸ்டாண்டில் வரிசையாக நிறுத்தி, இரண்டாம் மாடிக் காரிடாரில், எல்லா லேப் ஆட்களும் டீ பிடிக்க வருகிற கெட்டிலுக்குப் பக்கத்து ஜன்னலில் வைத்துவிட்டு வந்தேன். வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும். கெடட்டும், அதில் கெடுவதற்கு என்ன இருக்கிறது. அப்போது ஒரு திமிர் இருந்தது, இப்போது இல்லை. இப்போது பயம்தான் இருக்கிறது.

தூர்கிறது. இல்லை, ஆமாம், பள்ளத்தின் அடி மேலே வருகிறது. பார்த்துக்கொண்டே இரு, மூச்சு விடாதே, மூச்சு விட்டால் என்ன ஆகப்போகிறது, இருந்தாலும். அடுத்த தட்டு. இன்னும் மேலே. பாதி தூர்ந்துவிட்டது, இங்கேதான் நிற்கும், இத்தனை வருஷமும் இங்கேதான் நின்றது, இந்தச் சின்னக் குழியைத்தான் நான் நூறு படங்களாக வரைந்து, நிறம் கொடுத்து, அம்புக்குறி போட்டு வைத்திருக்கிறேன். நில்லாதே. அடுத்த தட்டு. நிற்கவில்லை. குழி ஆழமில்லாமல் போகிறது, சாப்பாட்டுத் தட்டு மாதிரி ஆகிறது, அடுத்தது, அடுத்தது, கோடு. வெறும் கோடு. கீறல் மட்டும் அதே இடத்தில் நிற்கிறது, சேதி கிளம்புகிறது, கேட்க ஆளில்லை, எல்லா இருக்கையிலும் துண்டு. மிச்சம் இல்லை சார். துளி இல்லை. சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன், வரவில்லை. என் மூன்றாம் அத்தியாயம் போயிற்று, நாலாம் அத்தியாயம் போயிற்று, அம்மா தெருவில் யாரிடமெல்லாம் சொன்னாளோ அவர்கள் முகமெல்லாம் வரிசையாக வருகிறது. முதல் வருஷத்து அந்தப் பெண்ணும் வருகிறாள், பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதவள். ஏட்டி, உன் கைக்கு ஒண்ணும் ஆகல, கேக்கியா, உன் கை அன்னைக்கே நல்லாத்தான் இருந்துச்சு. கண் மறைக்கிறது, துடைக்கக் கையுறையைக் கழற்ற வேண்டும். இரு, அழ நேரமில்லை. கோடு சமமாகிவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. இது மருந்தின் வேலை, சாவு இல்லை என்று காட்ட வேண்டுமானால் கழுவ வேண்டும். குழாயை மறுபடி முதல் பாட்டிலுக்குத் திருப்பிவிட்டேன். நல்ல தண்ணீர் வரும், துண்டுகளை ஒவ்வொன்றாக எடுக்கும், இந்த மருந்து சட்டென்று போகாது, அடம் பிடிக்கும், ஆனால் போகும். போனால் பள்ளம் திரும்பும். திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் என்னிடம் இருப்பது ஒரு செத்த சீவல்தான்.

கதவு. செருப்புச் சத்தம் தெரியும், குதிகாலைத் தேய்த்து நடப்பவர் இந்தக் கட்டடத்தில் ஒருவர்தான். சனிக்கிழமை வரமாட்டார் என்றுதானே வந்தேன், டோக்கியோ படங்களுக்காக வந்திருப்பார். காரிடார் வழியாக வந்திருப்பார், கெட்டிலைத் தாண்டி, ஜன்னலைத் தாண்டி. பார்த்தாரா. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. என்னம்மா, சனிக்கிழமையும் விடமாட்டியா என்று சிரித்துக்கொண்டே வந்து என் தோளுக்கு மேலாகக் குனிந்து ஸ்க்ரீனைப் பார்க்கிறார். அவருடைய வெற்றிலைப்பாக்கு வாசனை காதோரம். சிரிப்பு நிற்கிறது. கோட்டைப் பார்க்கிறார், இரண்டு பாட்டில்களையும் பார்க்கிறார், மறுபடி கோட்டைப் பார்க்கிறார். எத்தனை வருஷம் இந்தக் கோட்டோடு குடித்தனம் நடத்தியவர், அந்தக் கீறல் அவர் கண்ணில் படாமல் இருக்குமா. சொல்லுங்கள் சார், கீறல் இருக்கிறதே ஜெபா, சீவல் உயிரோடு இருக்கிறதே என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், நான் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறேன், கோலத்தைக்கூட மறந்துவிடுகிறேன்.

“ஸ்லைஸ் செத்துப்போச்சும்மா” என்றார்.

அதே வார்த்தை, அதே இறக்கம். அப்புறம் கை நீண்டது. சிவப்பு விளக்கு எரிகிற அந்த ஸ்விட்சுக்கு அது போகிற பாதை எனக்கு மனப்பாடம், ஒரு வாரமாக இல்லை, முதல் வருஷத்திலிருந்து மனப்பாடம். அணைத்துவிட்டால் அவர் சொன்னது உண்மையாகிவிடும். இன்னொரு தடவை உண்மையாகிவிடும். குளிக்கும்போதும் பஸ்ஸிலும் நான் தயார் செய்த பதில்களில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. என் கைதான் போயிற்று, ஸ்விட்சை உள்ளங்கையால் மூடிக்கொண்டது.

“சார், கையை எடுங்க.”

நானா பேசினேன். குரல் பெரிதாகக்கூட இல்லை. அவர் விரல்கள் என் புறங்கையில் பட்டு, சுட்டதுபோல விலகின. பதினைந்து வருஷமாக இந்தக் கட்டடத்தில் யாரும் அவரிடம் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். கழுவிக்கொண்டிருக்கிறேன் சார், கீறல் அப்படியே இருக்கிறது பாருங்கள், உட்காருங்கள் என்றேன். உட்காரவில்லை. போகவும் இல்லை. பம்ப் கொரகொரவென்று சுற்றியது. தட்டு, வெறும் கோடு. தட்டு, வெறும் கோடு. அவர் மூச்சு எனக்குக் கேட்கிறது, என் மூச்சு அவருக்குக் கேட்கும். நான் தீர்ந்தேன், எந்தப் பரிசோதகரும் இனி என் தீசிஸில் கையெழுத்துப் போட மாட்டார், அம்மாவுக்கு என்ன சொல்ல, ஊசி போடுகிற டாக்டரும் இல்லை, அதற்கு மேலும் இல்லை. தட்டு. கோடு. தட்டு. கோடு கொஞ்சம் தொய்ந்த மாதிரி. கண் நினைப்பதைக் காட்டும். தட்டு. தொய்ந்திருக்கிறது. தட்டு. தட்டு. கீறலுக்குப் பின்னால், அதே இடத்தில், ஒரு சின்னப் பள்ளம் தோண்டிக்கொண்டு வருகிறது. யாரோ ஒருவர் துண்டை எடுத்துவிட்டு எழுந்திருக்கிறார், யாரோ ஒருவர் உட்கார்ந்துவிட்டார், சேதி சேர்ந்துவிட்டது.

சார் பள்ளத்தைப் பார்த்தார். எப்படிக் கரைத்தாய் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். வெறும் திரவத்தை ஓட்டினாயா என்று கேட்கட்டும், கௌதமன் இத்தனை வருஷம் என்ன செய்தான் என்று கேட்கட்டும், எத்தனை எலிம்மா என்றாவது கேட்கட்டும். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், பின்னால் திரும்பிக் கதவைப் பார்த்தார், கதவு சாத்தியிருந்தது.

“இத வேற யார்கிட்டயாவது சொன்னியா?” என்றார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இவருக்குத் திங்கட்கிழமையே தெரியும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாரே, அப்போதே தெரியும். அவர் காரிடாரில் குனிந்த தலையோடு படங்களை யோசித்துக்கொண்டு வந்திருக்கிறார், ஜன்னலைப் பார்க்கவில்லை. இவ்வளவு நேரம் இருந்த ஆத்திரம் திடீரென்று லேசாகிவிட்டது, இந்த மனிதருக்கு நான் இனி நிரூபிக்க வேண்டியது ஒன்றுமே இல்லை.

“யார்கிட்டயும் சொல்லல சார். டியூப் எல்லாத்தையும் ஃபாயில் உரிச்சு, டீ கெட்டில் பக்கத்துல ஜன்னல்ல வச்சிருக்கேன். யார் வேணும்னாலும் பாத்துக்கலாம்.”

அவர் போனாரா, ஓடினாரா, நான் திரும்பிப் பார்க்கவில்லை. செருப்பு தேய்கிற சத்தம் காரிடாரில் வேகமாகப் போயிற்று. அந்தப் பக்கத்திலிருந்து யாரோ இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கும் சத்தமும் கேட்டது, டீ நேரம் ஆகிவிட்டிருந்தது. ஸ்விட்சின்மேல் இருந்த என் கையை எடுத்தேன். பள்ளம் ஒவ்வொரு தட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஆழமாகிக்கொண்டிருந்தது, முழுக்கத் திரும்ப இன்னும் நேரம் பிடிக்கும், அதுவரை நான் இங்கேதான் உட்கார்ந்திருக்க வேண்டும்.